லார்சன் பி: உடைய 35 நாள், புரிய 20 ஆண்டு

2002 ஜனவரி 31 அன்று நாசாவின் டெரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி எடுத்த படத்தில், அண்டார்டிகா தீபகற்பத்தின் கிழக்குக் கரையை ஒட்டி லார்சன் பி பனித்தட்டு மிதந்துகொண்டிருக்கிறது. மேற்பரப்பில் நீல நிறத்தில் கோடு கோடாக உருகுநீர்க் குட்டைகள். பிப்ரவரி 17, 23 ஆகிய நாட்களின் படங்களில் கடலோர விளிம்பு பின்வாங்கியிருக்கிறது. சுமார் 800 சதுர கிலோமீட்டர் போய்விட்டது. அதைவிட முக்கியமாக, விளிம்பிலிருந்து வெகு உள்ளே இருந்த குட்டைகள் சில திடீரென்று வற்றியிருக்கின்றன. மார்ச் முதல் வாரத்துப் படத்தில் பனித்தட்டு இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பனித் துண்டுகளும், வெளிர்நீலக் கூழ் போலப் பொடிந்த பனியும்தான் தெரிகின்றன. 35 நாளில் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கியிருந்தது. கோவா மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. தடிமன் சுமார் 220 மீட்டர், எடை 50,000 கோடி டன்னுக்கு மேல்.

பனித்தட்டு உடையும் என்று எதிர்பார்த்தவர்களே இந்த வேகத்தை எதிர்பார்க்கவில்லை. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் வாகன், மிச்சம் இருப்பதும் ஒருநாள் போகும் என்று தெரிந்திருந்தும் போன வேகம்தான் திகைக்க வைத்தது என்ற பொருளில் அப்போதே சொன்னார். துருவ ஆராய்ச்சி பற்றிய கட்டுரைகளில் இந்த 35 நாள் தவறாமல் வந்துவிடும். ஆனால் இந்த நிகழ்வில் அறிவியல் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. குறிப்பாக, பின்னால்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

தரைமேல் கிடக்கும் பெரும் பனிப் பரப்பு பனிப்படலம். அதிலிருந்து பள்ளத்தாக்கு வழியாகக் கடலை நோக்கி மெல்ல நகர்ந்து வருவது பனியாறு. அது கடலை அடைந்ததும் உடனே உடைந்துவிடாமல், தரையோடு ஒட்டியபடியே நீரில் நீண்டு மிதந்தால் அது பனித்தட்டு. கடல்நீரே உறைந்து உருவாகும் கடற்பனி வேறு. அது சில மீட்டர் தடிமன்தான் இருக்கும். செய்திகளில் இந்த நான்கும் ‘பனிப்பாறை’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1893இல் ஜேசன் என்ற கப்பலில் இந்தக் கரையோரம் வந்த நார்வே நாட்டு மாலுமி கார்ல் அன்டன் லார்சனின் பெயர்தான் இந்தப் பனித்தட்டுக்கு. வடக்கிலிருந்து தெற்காக லார்சன் ஏ, பி, சி என்று ஆய்வாளர்கள் பகுதி பிரித்துக்கொண்டார்கள். வடக்கு என்றால் அங்கே வெப்பமான பக்கம். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் முதலில் ஏ, பிறகு பி என்று உடைந்ததும் இதே வரிசையில்தான்.

முன்கூட்டியே சொன்னவர்கள்

1978இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் மெர்சர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கரியமில வாயு பெருகி அண்டார்டிகா வெப்பமடைந்தால் அதன் முதல் அடையாளம் என்னவாக இருக்கும் என்று கேட்டு, பதிலும் சொன்னார்: தீபகற்பத்தின் இரு கரைகளிலும் பனித்தட்டுகள் வடகோடியில் தொடங்கித் தெற்கு நோக்கி ஒவ்வொன்றாக உடையும். அப்போது பலருக்கு இது மிகைப்படுத்தலாகவே பட்டது.

தீபகற்பத்தின் வானிலைப் பதிவுகள் 1940களின் பிற்பகுதியிலிருந்து இருக்கின்றன. மேற்குக் கரையில் பிரிட்டனின் ஃபாரடே நிலையம் அவற்றில் ஒன்று. (1996இல் ஒரே ஒரு பவுண்டுக்கு உக்ரைனுக்கு விற்கப்பட்டு இன்று வெர்னாட்ஸ்கி நிலையமாக இயங்குவது இதுதான்.) அந்தப் பதிவுகளின்படி, அரை நூற்றாண்டில் தீபகற்பம் சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் சூடாகியிருந்தது. 1996இல் வாகனும் கிறிஸ்டோபர் டோக்கும் ஒரு எல்லையை முன்வைத்தார்கள்: ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பனித்தட்டு நிலைப்பதில்லை. இந்தக் கோடு தெற்கே நகர நகர, பனித்தட்டுகளும் பின்வாங்கிக்கொண்டிருந்தன.

1995 ஜனவரியில் லார்சன் ஏ ஒரு புயலின்போது சில நாட்களில் சிதறியது. அதே சமயத்தில் லார்சன் பி-யின் முகப்பிலிருந்து 70 கிலோமீட்டர் நீளம், 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பனிப்பாறை (உடைந்து தனியே மிதக்கும் துண்டு) பிரிந்தது. ஆஸ்திரியாவின் ஹெல்முட் ராட், அர்ஜென்டினாவின் பெத்ரோ ஸ்கவார்கா ஆகியோர் இதை அப்போதே ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் பின்வாங்கிவிட்ட பனித்தட்டு மெல்லத் தேயாது, மொத்தமாகச் சிதறும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதற்கு மேல் தெளிவான எச்சரிக்கை கிடைப்பது அரிது. எப்போது என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

குட்டைகள் எப்படி உடைத்தன

220 மீட்டர் தடிமனுள்ள பனியை வெயில் உருக்கித் தீர்க்க முடியாது. ஒரு கோடையில் மேற்பரப்பில் உருகுவது கொஞ்சம்தான். அப்புறம் எப்படி?

பனித்தட்டின் மேலடுக்கில் காற்றுத் துளைகள் நிறைந்த, பாதி இறுகிய பழைய பனி இருக்கும். கோடையில் உருகும் நீர் அந்தத் துளைகளில் இறங்கி மறுபடி உறைந்துவிடும். வருடத்துக்கு வருடம் உருகல் கூடக்கூடத் துளைகள் அடைபடுகின்றன. அதற்குப் பிறகு நீர் போக இடமின்றி மேலேயே தேங்குகிறது. குட்டை கருமையானது, வெள்ளைப் பனியைவிட அதிக வெயிலை வாங்கிக்கொண்டு மேலும் உருக்குகிறது. 2001–02 கோடை அந்த வட்டாரத்தில் வழக்கத்தைவிடச் சூடாகவும் நீண்டும் இருந்தது. குட்டைகளின் எண்ணிக்கை 2,750ஐத் தாண்டியது.

இப்போது ஒரு விரிசலில் நீர் நிரம்புகிறது என்று வையுங்கள். பனியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ, நீரின் அடர்த்தி 1,000 கிலோ. காலியான விரிசலைச் சுற்றியுள்ள பனியின் அழுத்தம் ஓர் ஆழத்துக்குக் கீழே மூடிவிடும். நீர் நிரம்பிய விரிசலை மூட முடியாது. நீரின் அழுத்தம் எந்த ஆழத்திலும் பனியின் அழுத்தத்தை மிஞ்சும். மேலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தால் விரிசல் அடிவரை போய்க் கடலைத் தொட்டுவிடும். அமெரிக்காவின் தேசியப் பனி மற்றும் உறைபனித் தரவு மையத்தில் இருந்த டெட் ஸ்காம்போஸ் குழு, குட்டைகள் விரிசல்களை ஆழப்படுத்துவதுதான் இந்தப் பனித்தட்டுகளின் பலவீனம் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தது. அதாவது, உடைப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆயிரக்கணக்கான குட்டைகள், நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பரவியிருந்தவை, சில நாட்களுக்குள் சேர்ந்தாற்போல் வற்றியது எப்படி? ஒவ்வொன்றும் தனித்தனி விரிசலால் வற்றியிருந்தால் இப்படி ஒரே நேரத்தில் நடக்க வாய்ப்பே இல்லை. 2013இல் அலிசன் பான்வெல், டக்ளஸ் மெக்காயேல், ஓல்கா செர்ஜியென்கோ மூவரும் ஒரு விடை தந்தார்கள். குட்டை என்பது மிதக்கும் தட்டின் மேல் வைத்த சுமை. அது நிறையும்போது பனி கீழே வளைகிறது. வற்றினால் மேலெழும்புகிறது. எழும்பும்போது குட்டையைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் விழுகிறது, அது பக்கத்துக் குட்டையின் அடியையும் பிளக்கிறது. அதுவும் வற்றுகிறது. ஒரு குட்டை நூற்றுக்கணக்கானவற்றை இப்படித் தொடராக வற்றவைக்க முடியும் என்று கணக்கு காட்டியது. இது வெறும் கணக்காகவே நின்றுவிடவில்லை. பான்வெல் பிறகு மெக்மர்டோ பனித்தட்டில் கருவிகள் வைத்து, குட்டை நிறைந்து வற்றும்போது பனி ஒரு மீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசைவதை நேரடியாக அளந்தார்.

அந்த நெருக்கமான விரிசல்களால் இன்னொன்றும் நடந்தது. துண்டுகளின் அகலம் அவற்றின் உயரத்தைவிடக் குறைவாகப் போயிற்று. உயரமான, மெலிந்த துண்டு நீரில் நிற்காது, சாயும். சாயும்போது தன் பக்கத்துத் துண்டைத் தள்ளும். மெக்காயேல் 2003இல் முன்வைத்த இந்த விளக்கம்தான், நொறுங்கிய பனி ஏன் வெளிர்நீலமாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது: நாம் பார்த்தது கவிழ்ந்து புரண்ட துண்டுகளின் பக்கவாட்டையும் அடியையும்.

யார் காரணம் என்ற வழக்கு

குட்டைகள் உடைத்தன, சரி. ஆனால் குட்டைகள் மட்டுமா? வேல்ஸின் நீல் கிளாஸரும் ஸ்காம்போஸும் 2008இல் பழைய படங்களை எடுத்துவைத்துப் பார்த்தபோது, வெவ்வேறு பனியாறுகளிலிருந்து வந்த பனி ஒட்டிச் சேரும் இடங்கள் பல ஆண்டுகளாகவே கிழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பனித்தட்டு 2002க்கு முன்பே பலவீனப்பட்டிருந்தது. அடியிலிருந்து கடல்நீர் அரித்ததா என்ற கேள்விக்கு இத்தாலியின் மிக்கேலே ரெபெஸ்கோ குழு 2014இல் கடலடியை ஆராய்ந்து பதில் சொன்னது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோடு ஏறத்தாழ 12,000 ஆண்டுகளாக நகரவில்லை. ஆகவே முதன்மைக் காரணம் மேலிருந்து வந்த வெப்பம்தான். 2018இல் ராபர்ட் மாசம் குழு, முன்னால் அரணாக நிற்கும் கடற்பனி இல்லாமல் போனதால் கடலின் நீளலைகள் விளிம்பை நேராக அடித்ததைச் சுட்டிக்காட்டியது. 2022இல் ஜொனாதன் வில் குழு, வளிமண்டலத்தில் ஆறுபோல் நீண்டு வரும் ஈரக்காற்று லார்சன் ஏ, பி இரண்டு உடைப்புகளுக்கும் கடைசித் தூண்டுதலாக இருந்ததைக் காட்டியது.

என் பார்வையில் இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பலவீனப்படுத்தியது எது, தயார் செய்தது எது, கடைசியாகத் தட்டிவிட்டது எது என்ற மூன்று தனிக் கேள்விகளுக்கான விடைகள். பத்திரிகைச் செய்திகள் ஒவ்வொரு முறையும் “உண்மையான காரணம் கண்டுபிடிப்பு” என்று போட்டதில் இது மறைந்துபோனது.

மனிதர் பங்கு பற்றி 2006இல் காரெத் மார்ஷல் குழு எழுதியதுதான் இதுவரை உறுதியான கண்ணி. அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேற்குக் காற்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுத்தது. பசுமைக்குடில் வாயுக்களும் ஓசோன் துளையும் சேர்ந்து வலுக்கச் செய்தன. வலுத்த காற்று தீபகற்பத்தின் மலைத்தொடரைச் சுற்றிப் போகாமல் தாண்டியது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது வறண்டு சூடாகி லார்சன் மேல் விழுந்தது. ஓசோன் துளையை 1985இல் உலகுக்கு அறிவித்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் வாகனின் அதே பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தவர்கள்தான் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

கதை நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் ஜான் டர்னர் குழு, 1990களின் இறுதியிலிருந்து தீபகற்பம் சூடாவது நின்று சற்றுக் குளிர்ந்தும் இருக்கிறது என்று காட்டியது. காற்று, கடற்பனி இவற்றின் இயல்பான ஏற்ற இறக்கம்தான் காரணம், நீண்டகாலப் போக்கு மாறவில்லை என்பது அவர்கள் விளக்கம். பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020 பிப்ரவரி 6 அன்று தீபகற்பத்தின் எஸ்பெரான்சா நிலையத்தில் 18.3 டிகிரி பதிவானது. அண்டார்டிகப் பெருநிலத்துக்கு அதுவே உச்சம் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிசெய்தது.

இதற்கு முன் நடந்ததே இல்லையா?

பனித்தட்டு போனதும் அதுவரை எவரும் போக முடியாத கடலடி திறந்துகொண்டது. ஹாமில்டன் கல்லூரியின் யூஜீன் டோமாக் குழு அங்கே குழாய் இறக்கி, அடுக்கடுக்காகப் படிந்த சேற்றை உருளைகளாக எடுத்தது. திறந்த கடலில் வெயில் படும், நுண்பாசிகள் வளரும், அவற்றின் ஓடுகள் அடியில் படியும். மேலே பனித்தட்டு மூடியிருந்தால் அது இருக்காது. 2005இல் வந்த முடிவு: லார்சன் பி குறைந்தது 10,000 ஆண்டுகள் இருந்திருக்கிறது, அதே காலத்தில் மெல்ல மெலிந்தும் வந்திருக்கிறது. வடக்கே பிரின்ஸ் குஸ்டாவ் கால்வாயில் இருந்த பனித்தட்டு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை இல்லாமல் போய் மறுபடி உருவானது. லார்சன் பி-க்கு அப்படி ஒரு இடைவெளி தென்படவில்லை.

இதே பயணங்களில் 850 மீட்டர் ஆழத்தில், வெயிலின்றி வேதிப்பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்ப் படலங்களும் சிப்பிகளும் ஒளிப்பதிவில் சிக்கின. தேடிப் போய்க் கண்டதல்ல அது.

முட்டு போன பிறகு

மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறாது. அது ஏற்கெனவே தன் எடைக்கு நீரை விலக்கித்தான் மிதக்கிறது. லார்சன் பி போனதால் நேரடியாகக் கடல் ஏறியது கிட்டத்தட்டப் பூஜ்யம். “அப்படியானால் என்ன கவலை?” என்பது அன்று நியாயமான கேள்விதான். பனித்தட்டு பின்னாலுள்ள பனியாறுகளைத் தடுத்து நிறுத்துகிறதா, இல்லையா என்று பனியியலாளர்களே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வழியில்லை. யாரும் ஒரு பனித்தட்டை எடுத்துவிட்டுப் பார்க்க முடியாதல்லவா.

2002 அந்தச் சோதனையைச் செய்துகாட்டியது. எரிக் ரிக்னோ குழு 2004இல் தந்த அளவீடு: ஹெக்டோரியா, கிரீன், எவன்ஸ் பனியாறுகள் 2000க்கும் 2003க்கும் இடையில் எட்டு மடங்கு வேகமெடுத்தன. கிரேன், ஜோரம் இரண்டும் 2003 முடிவில் மூன்று மடங்கு. மேட்டில் நிறுத்திய லாரியின் சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை உருவிவிட்ட மாதிரி. 2003இல் ஏவப்பட்ட ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளைக் கொண்டு ஸ்காம்போஸ் குழு பார்த்தபோது ஹெக்டோரியாவின் மேற்பரப்பு ஆறு மாதத்தில் 38 மீட்டர் வரை இறங்கியிருந்தது. கூடுதலாகக் கடலுக்குப் போன பனி ஆண்டுக்கு 27 கன கிலோமீட்டருக்கு மேல். இது தரைமேல் இருந்த பனி. இது கடலை ஏற்றும்.

இந்தச் சோதனைக்கு ஒப்பீட்டுப் பகுதியும் இயற்கையே வைத்திருந்தது. தெற்கு மூலையில் ஸ்கார் இன்லெட் என்ற இடத்தில் லார்சன் பி-யின் ஒரு துண்டு தப்பிவிட்டது. அதன் பின்னாலுள்ள ஃபிளாஸ்க், லெப்பர்டு பனியாறுகளுக்கும் அதே வானிலை, அதே கோடைதான். அவை அப்போது வேகமெடுக்கவில்லை. வேகத்துக்குக் காரணம் வெப்பம் நேரடியாக அல்ல, முட்டு போனதுதான் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று களத்தில் கிடைக்காது. மொத்த நிகழ்விலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒப்பீடுதான், குட்டைகள் கூட இரண்டாமிடம்.

அப்புறம் இன்னொரு திருப்பம். 2011இல் லார்சன் பி இருந்த வளைகுடாவில் கடற்பனி கரையோடு ஒட்டி உறைந்து, கோடைகளையும் தாண்டி நிலைத்துவிட்டது. பனியாறுகள் மெல்ல முன்னேறின. பனித்தட்டோடு ஒப்பிட்டால் மிக மெல்லிய அந்தக் கடற்பனி கூட ஓரளவு முட்டுக்கொடுத்தது. 2022 ஜனவரி 19க்கும் 21க்கும் இடையில் அது உடைந்து வெளியேறியது, ஸ்கார் இன்லெட் தட்டின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு. அடுத்த 15 மாதங்களுக்குள் ஹெக்டோரியா சுமார் 25 கிலோமீட்டர் பின்வாங்கியது. அதில் 2022 நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல். நவோமி ஓச்வாட் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு, தரையில் அமர்ந்திருந்த பனியாறு ஒன்று நவீன காலத்தில் இவ்வளவு வேகமாகப் பின்வாங்கியதில்லை என்கிறது. தட்டையான கடலடி மேல் லேசாக அமர்ந்திருந்த பனி மெலிந்து ஒரேயடியாக மிதக்கத் தொடங்கி உடைந்தது என்பது அவர்கள் விளக்கம். நில அதிர்வுப் பதிவுகளையும் சான்றாக வைக்கிறார்கள். அந்தப் பகுதி உண்மையில் தரையில் இருந்ததா, ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்ததா என்பதில் வேறு சில ஆய்வாளர்கள் உடன்படவில்லை. இது சின்ன சச்சரவு இல்லை. மிதந்த பனி என்றால் சாதாரணச் செய்தி. தரையில் இருந்தது என்றால் மற்றப் பனியாறுகளுக்கான கணக்குகளையே திருத்த வேண்டியிருக்கும்.

மற்ற இடங்களுக்கு இதை எவ்வளவு நீட்டலாம்

இங்கேதான் நிதானம் தேவை. 2017 ஜூலையில் லார்சன் சி-யிலிருந்து 5,800 சதுர கிலோமீட்டர் பனிப்பாறை ஏ-68 பிரிந்தபோது, “அடுத்த லார்சன் பி” என்று தலைப்புகள் வந்தன. அது ஒரே துண்டாகப் பிரிந்தது, பனித்தட்டுகளின் வழக்கமான உதிர்வு. அங்கே குட்டைகளுக்கு வேலையே இல்லை. லார்சன் சி-யின் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றில் பிரச்சினை அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர். உடையும் விதம் வேறு, ஆனால் முட்டு போனால் பின்னாலிருப்பது வேகமெடுக்கும் என்ற பாடம் பொதுவானது. த்வைட்ஸ் முழுதும் போனால் கடல் 65 சென்டிமீட்டர் ஏறும்.

2016இல் ராபர்ட் டிகான்டோவும் டேவிட் பொல்லார்டும் குட்டைகள் பிளப்பதையும், முட்டு போனபின் உயர்ந்து நிற்கும் பனிச்சுவர்கள் தாமே சரிவதையும் கணினி மாதிரியில் சேர்த்தார்கள். அண்டார்டிகா மட்டுமே 2100க்குள் கடலை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தலாம் என்று வந்தது. 2021இல் அவர்களே அந்த எண்ணைக் குறைத்தார்கள். 2024இல் மாத்யூ மோர்லிகம் குழு, த்வைட்ஸில் இந்த நூற்றாண்டில் அந்தச் சரிவு தொடங்க வாய்ப்பு குறைவு என்று எழுதியது. ஒரே ஒரு நிகழ்விலிருந்து கண்டம் முழுவதுக்குமான விதியை எடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

இந்தியாவின் மைத்ரி நிலையம் அமைந்துள்ள ஷிர்மாகர் பகுதிக்கு முன்னால் நிவ்லிசன் பனித்தட்டு இருக்கிறது. அங்கும் கோடையில் உருகுநீர் தேங்குகிறது, தட்டின் மேல் ஓடுகிறது, செயற்கைக்கோள் படங்களில் அது ஆராயப்பட்டும் வருகிறது. ஆனால் நீர் ஓடிப் போக வழியிருந்தால் ஓரிடத்தில் தேங்கிப் பிளக்காமலும் இருக்கலாம். குட்டை இருக்கிறதா என்பதோடு, மேலடுக்கில் இன்னும் எவ்வளவு காற்றுத் துளை மிச்சம், விரிசல்கள் எங்கே, முட்டு எந்தப் பகுதியில் என்றெல்லாம் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்கார் இன்லெட் துண்டைப் பற்றி 2015இல் நாசாவின் அலா கசேந்தர் குழு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் சிதறிவிடும் என்று கணித்தது. பத்தாண்டு முடிந்தது, துண்டு முழுதாகச் சிதறவில்லை. நடுவில் வந்த கடற்பனி அதற்குச் சில ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கலாம். அந்தக் கடற்பனியும் போய்விட்ட நிலையில், ஃபிளாஸ்க், லெப்பர்டு இரண்டின் வேகத்தையும் ரேடார் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்துவருகின்றன.